கேட்கக் கூடாத குரல்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

நீயும் மைனாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அத்தானும் நானும் சுகம். அவருக்கு நெஞ்சுவலி வந்து போனதிலிருந்து சமையலில் உப்பைக் குறைத்துவிட்டேன். அன்று முதல் என்னை எதிர்க்கட்சித் தலைவரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நாம் நாலு வார்த்தை பேசுவதற்குள் உன் மனைவி வாங்கிக்கொள்கிறாள். அப்புறம் நடுவில் ஒரு கமா போடக்கூட இடமில்லை. மைனா என்று சும்மாவா பெயர் வைத்தேன்?

விஷயம் இதுதான். உடல்நலத் தகவல் மையம் என்று ஓர் அறக்கட்டளை; அதன் அறங்காவலர் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அங்கே போன் செய்து, இந்த மாத்திரை எதற்கு, இந்த நோய் என்ன செய்யும் என்று கேட்கலாம். காசு கிடையாது, வைத்தியமும் கிடையாது. சரிபார்த்த தகவலைப் புரியும்படி சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காதில் கருவி மாட்டிய பெண்கள். இந்தப் பக்கம் நாங்கள் கூடும் நீள மேசை.

தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர். குழுவில் வக்கீல் ஒருத்தி இருக்கிறாள். கேள்வி கேட்டால் கத்தரிக்கோல் வெட்டுகிற மாதிரி இருக்கும், பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பள்ளி ஆய்வாளராக இருந்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று டாக்டரிடம் கேட்டேன். "படிச்சுட்டு, எனக்குப் புரியலன்னு தைரியமா சொல்ற ஆள் ஒருத்தர் வேணும்" என்றார்.

காலமெல்லாம் பள்ளிகளுக்குள் நுழைந்து, ஒளித்து வைத்ததை மோப்பம் பிடித்தவள் நான். இங்கே எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அதுவே உறுத்துகிறது. நீ சிரிப்பாய்.

போனமுறை வந்தபோது முகம் வெளிறி இருந்தாய். கப்பல் பட்டறையில் வேலை அதிகமா? உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசத்துடன்,
அக்கா

ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மைனாவுக்கும் படித்துக் காட்டினேன். கமா விஷயத்துக்காக உன்னோடு ஒரு வாரம் டூ விட்டிருக்கிறாள். அத்தான் உப்பு இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்? என் அனுதாபத்தைச் சொல்.

பதவிக்கு வாழ்த்துகள். பாவம் அந்தக் குழு. வீட்டுக்குள் சி.ஐ.டி.யைக் கூப்பிட்டு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சும்மா ஒன்று கேட்கிறேன். அங்கே போன் செய்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர்கள் பேசுவதை நீங்கள் கேட்பீர்களா?

எனக்கு ஒன்றுமில்லை. பட்டறைத் தளத்திலிருந்து வரைபட அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. மேலாளருக்கு என் கோடு பிடித்துவிட்டதாம்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

அத்தான் நலம், நான் நலம். மைனாவின் கோபம் தீர்ந்ததா?

நீ கேட்டதற்குப் பதில். மாதத்துக்கு ஒருமுறை, குழுவில் இரண்டு பேர் உட்கார்ந்து சில அழைப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்போம். பதில் சரியாகச் சொன்னார்களா, பொறுமையாகப் பேசினார்களா என்று பார்க்கத்தான். பெயரையும் ஊரையும் வெட்டிவிடுவார்கள். குரலை வெட்ட முடியாதே! போன வாரம் முதல்முறை கேட்டேன். ஒரு பெரியவர், மனைவிக்குத் தெரியாமல் காது கேட்கும் கருவி மாட்ட முடியுமா என்று கேட்கிறார். இன்னொரு பெண், பேசவே இல்லை, அழுதுகொண்டே இருக்கிறாள். இந்தப் பக்கத்துப் பெண் அவசரப்படுத்தாமல், "நான் இருக்கேம்மா" என்று மட்டும் சொல்கிறாள்.

நல்ல இடம்தான் போலிருக்கிறது. என் மூக்கு இந்த முறை ஏமாந்தது என்று வைத்துக்கொள்.

விடுமுறைக்கு எப்போது வருகிறீர்கள்? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

பாசத்துடன்,
அக்கா

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகமா? போன் செய்தால் மைனா எடுக்கிறாள். இரண்டே வார்த்தை பேசிவிட்டு, அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாள். மைனா! உங்களுக்குள் ஏதாவது சண்டையா?

இங்கே சங்கதி கோணலாகிவிட்டது. ஒலிப்பதிவு கேட்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இனிமே துண்டுப் பிரசுரங்களோட மொழியைப் பாத்துக்குங்க. உங்களுக்கு அதுதான் பொருத்தம்" என்றார். ஏன் என்றேன். "ஒரு காரணம் இருக்கு" என்றார். என்ன காரணம் என்றேன். பிரசுரக் கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

சும்மா இருப்பேனா? ஒலிப்பதிவுகளுக்கு வரிசை எண் உண்டு. பிப்ரவரிக் கடைசியில் ஒரு எண் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குள் போய், அங்கே மூத்தவளான தொலைபேசிக்காரியிடம் விசாரித்தேன். முகம் வெளுத்துப்போய், "டாக்டரைக் கேளுங்கம்மா" என்றாள். அது முதல், நான் படியேறி வந்தால் அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த மௌனம் எனக்குப் பழக்கம். சத்துணவு சாப்பிட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுத்ததை மறைத்த பள்ளிக்கூடத்தில் இதே மௌனம்தான் இருந்தது. யாருக்கோ தப்பான தகவல் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு அந்த ஆளுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. அதை மூடி மறைக்கிறார்கள்.

நீ என்ன நினைக்கிறாய்? உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை நெருக்கடி. மைனாவும் நானும் நன்றாக இருக்கிறோம், சண்டை எதுவும் இல்லை. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

அந்த விஷயத்தை விட்டுவிடேன். உனக்கு எதற்கு வம்பு? அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் பேசுகிற மனிதர் கெட்டவராக இருப்பாரா? காரணம் இருக்கிறது என்றால் இருக்கும். பிரசுரங்களைத் திருத்துவதும் நல்ல வேலைதானே.

நாம் வேறு ஏதாவது பேசலாம். உன் மாடித் தொட்டியில் ரோஜா பூத்ததா?

அன்புடன்,
தம்பி

மே 3

தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்றுதான் எழுதுவாய்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். டாக்டர் மெதுவாகப் பேசுவார், யோசித்துப் பேசுவார் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மைதான். ஆனால் நான் அதை உனக்கு எழுதவே இல்லை. கண்ணாடி துடைப்பதை மட்டும்தான் எழுதினேன். அவர் பேசி நீ எப்போது கேட்டாய்? உனக்கு அவரைத் தெரியுமா? தெரியும் என்றால் ஏன் முதல் கடிதத்திலேயே சொல்லவில்லை?

எனக்கு இப்போது யாரை நம்புவது என்றே தெரியவில்லை. அத்தானிடம் சொன்னால், "உனக்கு உன் நிழலைக் கண்டாலே சந்தேகம்" என்கிறார். ஆனால் வக்கீல் என் பக்கம். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரே வார்த்தை சொன்னாள்: "போட்டுக் கேட்ருவோம்." ஜூன் மாதக் கூட்டத்தில், காணாமல் போன அந்தப் பதிவை முழுக் குழுவுக்கும் போட்டுக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறோம். டாக்டருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க கேக்கறது நியாயம்தாம்மா. ஆனா என்னால முடியாது" என்றார். கோபப்பட்டிருந்தால்கூட விட்டிருப்பேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

நான் கேட்டதற்கு நேரான பதில் எழுது.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர்கள் என்றாலே மெதுவாகத்தானே பேசுவார்கள், அந்த நினைப்பில் எழுதிவிட்டேன். அதற்குப் போய் இவ்வளவா?

அக்கா, உன்னை நான் எதற்கும் கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன். அந்தக் கூட்டத்தைத் தள்ளிப்போடு. ஒரு மாதம் போதும். நான் நேரில் வந்து பேசுகிறேன். வர முடிந்தவுடன் வருகிறேன். இந்த மாதம் முடியாது. எதனால் என்று கேட்காதே. அந்த மனிதரைக் கூண்டில் ஏற்றாதே.

அத்தானின் மாத்திரைகளைக் கவனித்துக்கொள். அந்த வீடே உன் இரண்டு காலில்தான் நிற்கிறது.

தம்பி

ஜூன் 15

தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். நீ வருவாய் வருவாய் என்று வாசலைப் பார்த்ததுதான் மிச்சம்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. தள்ளிப்போடச் சொல்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் தொழிலில் நான் கற்றது. நீ கெஞ்சியதால்தான் எனக்கு உறுதி கூடியது. மன்னித்துக்கொள்.

வக்கீல் எழுந்து, "பதிவு எங்க?" என்றாள்.

"அழிச்சாச்சு" என்றார் டாக்டர்.

"யார் சொல்லி?"

"போன் பண்ணினவர் சொல்லி. அவர் கேட்டுக்கிட்டா அழிக்கணும். நம்ம விதியே அதுதான்."

"எப்ப கேட்டாரு?"

"மே மாசம்."

"நாங்க தீர்மானம் எழுதிக் குடுத்ததுக்கு அப்புறம். அப்படித்தானே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "ஆமா" என்றார்.

"போன் பண்ணினவருக்கு நம்ம தீர்மானம் எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்களா?"

"நான் சொல்லல."

"அப்ப யாரு?"

அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். நான் எழுந்தேன். ஓர் உயிர் போயிருக்கிறது, அதற்கு இருந்த ஒரே சாட்சியையும் அழித்துவிட்டார்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. வாக்கெடுப்புக்கு முன்பே டாக்டர் ராஜினாமாவை எழுதி மேசையில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இந்த மையத்தை ஒரே ஒரு தொலைபேசியோடு தொடங்கியவர் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூத்த தொலைபேசிக்காரி எழுந்து நின்றாள். வக்கீல் இப்போது தலைவர்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் படியிறங்கும்போது ஒன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. அந்தத் தீர்மானத்தைப் பற்றிக் குழுவுக்கு வெளியே நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன்.

பதில் போடு.

அக்கா

ஜூன் 24

அக்கா,

நீ கண்டுபிடித்துவிட்டாய். இனி மறைத்து என்ன?

அந்தக் குரல் என்னுடையது. யாரும் சாகவில்லை. தப்பான தகவல் எதையும் யாரும் சொல்லவில்லை.

என் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் செய்த வேலை. ஜனவரியிலேயே தெரியும். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தச் சுத்திகரிப்புக்காகப் படுத்துக் கிடக்கிறேன். அதனால்தான் வரைபட அறைக்கு மாற்றினார்கள், அதனால்தான் உன் வீட்டுக்கு வர முடியவில்லை. மைனா வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று போனை வைத்துவிடுகிறாள்.

யாராவது சிறுநீரகம் தந்தால் நல்லது என்கிறார்கள். மைனாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவள் தர முடியாது. அடுத்து யார் என்று டாக்டர்கள் கேட்டார்கள். உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

உனக்குத் தெரிந்தால் அடுத்த வண்டியில் வந்து, "எங்க படுக்கணும்?" என்று கேட்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? நீ படுத்துவிட்டால் அத்தானை யார் பார்ப்பார்கள்? உனக்கு ஏதாவது ஆனால் நான் அந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

இந்தக் குழப்பத்தில் யாரைக் கேட்பது? உன் பிப்ரவரிக் கடிதத்தில் அந்த மையத்தை நீ பாராட்டியிருந்ததைப் படித்துவிட்டு அங்கேயே போன் செய்தேன். வயதான அக்காவிடம் சிறுநீரகம் வாங்காமல் தப்பிப்பது எப்படி என்று கேட்டேன். போனை எடுத்த அம்மா எல்லாம் விளக்கினாள். அந்த வயதிலும் நன்றாகச் சோதித்துவிட்டு எடுப்பார்களாம். கடைசியில், "உங்கக்காவைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டு, அவங்க சொல்ல வேண்டிய பதிலை நீங்களே சொல்லிடறீங்க சார்" என்றாள். அப்போதுதான் சொன்னேன், அக்கா உங்கள் குழுவிலேயே இருக்கிறாள், பள்ளி ஆய்வாளராக இருந்தவள், அவள் காதில் என் குரல் விழக்கூடாது என்று. மறுநாள் டாக்டரே கூப்பிட்டுப் பேசினார். "உங்க அனுமதி இல்லாம இது என் வாயிலிருந்து வராது" என்றார். அவ்வளவு மெதுவாக.

மே மாதம் உன் கடிதம் வந்ததும் பயந்துபோய், பதிவை அழித்துவிடுங்கள் என்று அவருக்கு எழுதினேன். அவருக்கு என்ன ஆகும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இல்லை, நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் எழுதினேன்.

இந்தக் கடிதத்தை அப்படியே குழுவில் காட்டு. எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் பெயரைக் காப்பாற்று.

தம்பி

ஜூலை 12

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அத்தான் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரிந்தது. அவரிடம் கடிதத்தை நீட்டினேன். படித்தார். "அவன் என்னை ஒரு சாக்கா வச்சுக்கிட்டானா?" என்றார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு யார் சொன்னது?" என்று அடுப்படிக்குள் போனார். உப்பு டப்பாவை எங்கே வைத்திருக்கிறேன் என்று மட்டும் கேட்டார். காட்டவில்லை.

மறுநாள் டாக்டர் வீட்டுக்குப் போனேன். மழை. அவர் ஸ்டூல்மேல் நின்று கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார முடியவில்லை. "என் தம்பி எல்லாத்தையும் எழுதிட்டான்" என்று கடிதத்தை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "எந்தத் தம்பிம்மா? உங்க குடும்பத்துல எனக்கு யாரையும் தெரியாதே."

"அவனே எழுதியிருக்கான் டாக்டர். குழுவுல காட்டச் சொல்லியிருக்கான்."

"அது அவர் உங்களுக்கு எழுதினது. உங்க வீட்டோட இருக்கட்டும்."

"அப்ப உங்க பேரு?"

அவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். "போன் பண்ணின ஒருத்தரப் பத்தி அந்த மேசையில ஒரே ஒரு தடவை, எவ்வளவு நல்ல காரணத்துக்காகவும் சரி, பேசிட்டோம்னு வைங்க. அப்புறம் அடுத்த காரணம் வரும். அதுக்கப்புறம் அங்க யாரு போன் பண்ணுவாங்க? காது கேக்காத பெரியவர் பண்ணுவாரா?" துணியை மடித்து வைத்துவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

குடித்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட அவர் எனக்கு வழி வைக்கவில்லை. எதற்கு மன்னிப்பு என்று கேட்டுவிடுவார்.

நேற்றுக் குழு கூடியது. நான் எழுந்து, "டாக்டர் மேல நான் வச்ச குற்றச்சாட்டு தப்பு. அதை வாபஸ் வாங்கிக்கறேன். அவரைத் திரும்பக் கூப்பிடணும்" என்றேன்.

"தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் வக்கீல்.

"தெரிஞ்சுது."

"அவர் வீட்டுக்குப் போய்ட்டு வந்தீங்களாமே? என்ன பேசி முடிச்சீங்க?"

முடிச்சீங்க என்ற வார்த்தையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ தலைமை ஆசிரியர்களை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்ல முடியாத நியாயம் இருந்ததோ!

உன் கடிதம் கைப்பையில் இருந்தது. எடுத்துப் போட்டால் அந்த நிமிஷமே டாக்டரும் நானும் இந்தப் பழியிலிருந்து வெளியே வந்துவிடலாம். நீயும் சம்மதித்துவிட்டாய். கை பையின்மேல் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூத்த தொலைபேசிக்காரி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முனையில் யாரோ அவளை நம்பி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்துவிட்டேன்.

என் தீர்மானம் தோற்றது. எனக்கு எதிராக விசாரணை வைக்கப்போகிறார்களாம். வக்கீல்மேல் கோபமில்லை, அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ராஜினாமா செய்யப்போவதில்லை. கேட்கிற கேள்விக்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு அந்த மேசையிலேயே உட்காரப்போகிறேன். டாக்டருக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

உன்னிடம் எனக்கு வேறு கணக்கு இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்றா சொன்னாய்? உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது.

இங்கே ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொண்டேன். இதுவரை பார்த்ததில் தடை எதுவும் இல்லை என்கிறார்கள். மீதியை உன் ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டுமாம். பொருந்தாமலும் போகலாம். பொருந்தினாலும் எனக்குப் பயம் இல்லாமல் இல்லை; போன வாரம் முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஆனால் அது என் பயம். அதை வைத்து என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் என் முகத்துக்கு நேராகச் சொல், கேட்டுக்கொள்கிறேன்.

புதன்கிழமை வண்டியில் இடம் கிடைத்திருக்கிறது. அத்தானும் வருகிறார். பதில் எழுதாதே. அது இங்கே வந்து சேரும்போது வீடு பூட்டியிருக்கும்.

அக்கா